நீலம் ஏறாத பாட்டில்

எங்கள் டிரைவர் காசிம் பாய் நூல் வெளுக்கும் கொட்டகைக்குள் போன வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். என் கண்ணாடிப் பாட்டில்கள் வந்த மரப்பெட்டியை எடுத்துவரத்தான் உள்ளே போனார். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய ஓடிவந்து, ஜீப்புக்கு மறுபக்கம் குந்தி உட்கார்ந்து இருமினார். உள்ளே நூல் அலசிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன பாய், கல்யாண வீட்டு வெங்காயத்த எல்லாம் நீங்க ஒரு ஆளே உரிச்சீகளா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏலே, இது காத்தாடா? இம்புட்டு நெடியில எப்படிடா நாள் பூரா நிக்கிறீக?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே பாய்."

அவர்கள் பொய் சொன்னதுபோலத் தெரியவில்லை. நிதானமாகக் குனிந்தார்கள், நூல் சிட்டங்களைப் பிழிந்தார்கள், நிமிர்ந்தார்கள். அதே காற்று அதே நேரத்தில் என் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நெடி பட்டதும் பாட்டிலிலிருந்த கரைசல் நீலமாகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீர்போலக் கிடந்தது.

எனக்கு அந்த யோசனை முதன்முதலாகத் தட்டியது அப்போதுதான். உள்ளே நின்றவர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். பாட்டிலும் ஒன்றுமில்லை என்கிறது. ஓடிவந்தவர் ஒருவர் மட்டும் வேறு சொல்கிறார். நாங்கள் எழுதப்போகும் அறிக்கையில் நின்றவர்களுக்கு இடம் இருந்தது, பாட்டிலுக்கு இடம் இருந்தது. ஓடிவந்தவரை எந்தப் பத்தியில் எழுதுவது?

போன மாதம் என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி ஒன்றைக் காட்டினாள். பொத்தானை அமுக்கினால் காற்றில் எவ்வளவு குளோரின் என்று எண் வருகிறது. வரம்பைத் தாண்டினால் கத்துகிறது. "மேடம், இந்த வரம்பு எப்படி வந்துச்சு? யார் இந்த எண்ணைச் சொன்னது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை முப்பது வருடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். அதற்கான பதிலைத்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் ரசாயனம் படித்தேன். சென்னையில் சில மாதம் காற்றைப் பிடித்து அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றதைவிட அங்கே உடைத்த கண்ணாடி அதிகம். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு அறை வைத்திருந்த சிறிய அரசுப் பிரிவில் சேர்ந்தேன். மொத்தம் மூன்று பேர்: அதிகாரி பாலகிருஷ்ணன் சார், ஜீப் ஓட்டும் காசிம் பாய், நான். தொழிற்கூடங்களில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பது வேலை. எனக்கு அப்போது எதிலும் பொறுமை கிடையாது. ஒரு நாளில் இந்த ஜில்லாவின் காற்றையெல்லாம் பாட்டிலில் அடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் பெரிய வேலையாக வந்தது நூல் வெளுக்கும் கொட்டகைகள். சின்னாளப்பட்டிப் பக்கம் சேலைக்கான பருத்தி நூலைச் சாயம் போடுமுன் வெளுக்க வேண்டும். சிமெண்ட் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து நூலை ஊறவைப்பார்கள். பிறகு நீர்த்த திராவகம் ஊற்றிய தொட்டியில் முக்குவார்கள். நூலில் மிச்சமிருக்கும் பிளீச்சிங் அந்தத் தொட்டியில்தான் குளோரின் வாயுவாகக் கிளம்பும். கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், நெஞ்சுக்குள் இறங்கும். எட்டு மணி நேரம், நாள் தவறாமல் சுவாசித்தாலும் கெடுதல் வராத அளவு எது என்று கண்டு, இந்தக் கொட்டகைகளுக்கு ஒரு வரம்பு எழுதித் தர வேண்டும். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு எண் இருந்தது. அது யாருடைய மூக்கை வைத்து வந்த எண் என்று புத்தகத்தில் இல்லை.

நாங்கள் எடுத்துக்கொண்ட கொட்டகை மதுரை சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம். ஆடிக் காற்றில் செம்மண் பறந்து வெள்ளை நூலில் படியும் என்று ஜன்னல்களையெல்லாம் சாக்குப் போட்டு அடைத்திருந்தார்கள். திராவகத் தொட்டியில் நின்றவர் பெயர் மாரியப்பன். குட்டையான, தோள் அகன்ற ஆள். தொட்டிமேல் குனிந்துதான் வேலை. குளோரின் காற்றைவிடக் கனம், தாழ்வாகத் தங்கும். அந்தக் கொட்டகையில் அதற்கு முதலில் அகப்படும் முகம் அவருடையது.

மாரியப்பனுக்கு மூச்சு இரைக்கிறது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டதும் முதலாளி எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"சர்க்கார் சொல்லட்டும் சார். காத்து கெட்டுக் கிடக்குன்னு எழுதுங்க, நாளைக்கே செவுத்து அடியில ஓட்டை போட்டு ஃபேன் மாட்டுறேன். மாரியப்பனை வெளியில நூல் காயப்போடுற எடத்துக்கு மாத்துறேன். காத்து நல்லாத்தான் இருக்குன்னா அது அவன் பீடி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

ஆக, எங்கள் எண் ஒன்றும் காகிதத்தோடு முடிகிற எண் இல்லை. அது ஒரு பக்கம் சாய்ந்தால் மாரியப்பன் தொட்டியை விட்டு இறங்குவார். இன்னொரு பக்கம் சாய்ந்தால் அதிலேயே நிற்பார், நெஞ்சு கெட்டது அவர் குற்றமாகும்.

பாலகிருஷ்ணன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியானவர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார். எதிரில் இருப்பவர் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும் என்ற அளவுக்குத் தணிந்த குரல். சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார், பட்டாளத்துக் குடுவை ஒன்றைத் தோளில் மாட்டி வருவார். எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார். எந்தக் கொட்டகைக்குப் போனாலும் உள்ளே நுழையுமுன் எங்களைக் காற்று வரும் திசையில், மரத்தடியில் நிறுத்தி வைப்பார்.

"மூக்கு புதுசா இருக்கணும், மிஸ் சரோஜா. ஜீப்புல பெட்ரோல் வாசனையில வந்திருக்கோம். செத்த நேரம் நில்லுங்க."

அந்த நேரத்தில் காசிம் பாய் பெட்டியைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு வந்துவிடுவார். எங்கள் மூக்குகள் புதிதானதும் உள்ளே போவோம். பாட்டில்களை வரிசையாக எடுத்து வைப்பேன். ஒரு பாட்டிலில் பொட்டாசியம் அயோடைடு கரைசலும் கொஞ்சம் ஜவ்வரிசிக் கஞ்சித் தெளிவும். அதோடு ரப்பர் குழாயில் இணைத்த பெரிய தண்ணீர் ஜாடி. ஜாடியிலிருந்து தண்ணீர் கீழே வடிய வடிய, அதே அளவு காற்று கரைசலுக்குள் குமிழியிட்டு வரும். காற்றில் குளோரின் இருந்தால் கரைசல் நீலமாகும். பிறகு அறைக்குத் திரும்பி, ஹைப்போக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலத்தைப் போக்க வேண்டும். எத்தனை சொட்டில் போகிறதோ அதை வைத்துக் கணக்கு. படம் கழுவுகிற கடைகளில் வைத்திருப்பார்களே, அதே ஹைப்போதான்.

முதல் முறை நீலமே வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மாரியப்பனின் முகத்துக்கு நேரே குழாயைப் பிடித்தேன், அப்போதும் இல்லை. என் கண்களோ கரித்துக்கொண்டிருந்தன. பாட்டில் எடுத்து முடித்ததும் சார் ஒவ்வொரு முறையும் முதலாளியின் அறைக்குப் போவார். கதவு சாத்தப்படும். நான் வெளியே பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அந்த வயதில் எனக்குச் சந்தேகம் வர இவ்வளவு காரணம் தேவையே இல்லை. யாரோ என் பாட்டிலில் கை வைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். முதலாளியின் ஆள் யாராவது இருக்கலாம். மாரியப்பனாகவே இருக்கலாம், கொட்டகையை மூடிவிடுவார்கள் என்று பயந்து. காசிம் பாய்கூட வாசல் காவல்காரரோடு டீ குடிக்கிறார். சாரோ கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"பாய், பெட்டியை யார்கிட்டக் குடுக்கிறீங்க?" என்று ஜீப்பில் கேட்டேன்.

"யார்ட்ட குடுக்கப் போறேன்? வாசல்ல வைக்கிறேன். நான் உள்ள போனா என் உசுரு போயிரும்மா, பார்த்தீகள்ல."

"வச்சதும் திரும்பிப் பார்ப்பீங்களா?"

"பெட்டி என்ன எனக்குக் கட்டிக்குடுத்த பொண்ணா, போகும்போது திரும்பித் திரும்பிப் பாக்க?"

சார் முன் இருக்கையில் அசையாமல் இருந்தார். என் கேள்வி அவர் காதில் விழுந்திருக்கும். அறைக்கு வந்ததும், நீலம் வராத பாட்டில் ஒன்றில் முதலுதவிப் பெட்டியிலிருந்த டிங்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக வேண்டிய இடம். சொட்டு விழுந்தது, நிறம் ஒரு நொடி தெரிந்தது, மறைந்துவிட்டது. இன்னொரு சொட்டு. அதுவும் மறைந்தது. நீலத்தை அழிக்க நான் வைத்திருக்கும் அதே மருந்து ஏற்கெனவே பாட்டிலுக்குள் இருந்தது. ஹைப்போ.

சாரிடம் சொல்லவில்லை. அவரையும் சேர்த்துத்தானே சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் முறை போனபோது மரத்தடியில் நிற்கவில்லை. தலை சுற்றுகிறது, தண்ணீர் குடித்து வருகிறேன் என்று பெட்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். காசிம் பாய் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். வெள்ளை நூல் இருக்கும் பக்கத்தில் வேலை பார்க்கும் அங்கம்மாள் வந்தாள். பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு பாட்டிலாக, ஒவ்வொரு கண்ணாடிக் குழாயாக எடுத்து, கடைசித் தொட்டியில் முக்கி, உதறி, திரும்ப அடுக்கினாள். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கம்மா, என்ன பண்றீங்க?"

"வாங்க டீச்சர். கழுவுறேன்." கண்ணாடி போட்டவள் என்பதால் அவர்களுக்கு நான் டீச்சர்.

"நான் கழுவித்தானே கொண்டு வந்தேன்?"

"நீங்க உங்க வீட்டுல கழுவுனீக. இங்கன வர்ற சாமான் எதையும் ஹைப்போத் தண்ணியில முக்காம இந்தப் பக்கம் விடமாட்டோம். ஒரு சொட்டு பிளீச்சிங் பட்டா நூல் இத்துப் போகும், சாயம் திட்டுத் திட்டா ஏறும். மொதலாளியே வந்தாலும் கைய முக்கிட்டுத்தான் நூலைத் தொடணும். உங்க சீசா மட்டும் என்ன உசத்தியா?"

"யார் முக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? டீ டம்ளரக் கூட முக்கித்தான் வப்பேன்."

கொட்டகையின் வழக்கம் அது. நூலைக் காப்பாற்ற ஹைப்போ. பாட்டிலைத் திருப்பிக் கவிழ்த்தாலும் மெல்லிய குழாயின் வாயில் இரண்டு சொட்டு தங்கிவிடும். வரும் குளோரினையெல்லாம் அந்த இரண்டு சொட்டே தின்றுவிடும். நாங்கள் மூக்கைப் புதிதாக்க மரத்தடியில் நின்ற நேரத்தில், எங்கள் பாட்டில் குருடாகிக்கொண்டிருந்தது.

சார் அன்று முன்னதாகவே முதலாளி அறைக்குப் போயிருந்தார். கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். சொன்னேன். முதலாளி சிரித்தார். சார் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார், இரண்டு முறை எடுத்த எண்களையும் ரப்பரால் அழித்தார், தூளை ஊதிவிட்டார்.

"மறுபடி எடுங்க, மிஸ் சரோஜா. பெட்டி உங்க கையை விட்டு இறங்க வேண்டாம்."

காய்ச்சி வடித்த நீரால் அலசி மறுபடி வைத்தேன். ஜாடியில் பாதித் தண்ணீர்கூட வடியவில்லை, மாரியப்பன் முகத்தருகே வைத்த கரைசல் நீலமானது, பிறகு கருத்தது. அறைக்கு வந்து சொட்டுக் கணக்குப் பார்த்தபோது புத்தகத்தின் எண்ணை வெகுதூரம் தாண்டியிருந்தது. எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அடுத்த நாள் முதலாளி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், அந்தப் புத்தகம் எந்த ஊர்ப் புத்தகம்? அங்க குளிரு. சன்னலையே தெறக்காத சனம். நம்ம ஆளு வேற, நம்ம நெஞ்சு வேற. எங்க ஆளுங்களையே கேளுங்க. யாருக்காச்சும் எரியுதுன்னா கையத் தூக்கட்டும். ஒருத்தன் தூக்கினாலும் ஃபேன் மாட்டிடுறேன்."

சார் ஒத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதலாளி முன்னால் எந்தத் தொழிலாளி கை தூக்குவான்?

அன்றே கொட்டகைக்குப் போனோம். தொழிலாளர்கள் நின்றார்கள், வரிசையாக. திராவகத் தொட்டியில் நூலை முக்கச் சொன்னார் சார். நெடி எழுந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. சாரே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். "கண்ணு, மூக்கு, தொண்டை, எங்கயாவது எரிஞ்சா கையைத் தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழவில்லை. மாரியப்பனின் கண் நரம்பெல்லாம் சிவந்திருந்தது. கை தொட்டிக்குள்ளேயே இருந்தது.

சார் பென்சிலை எடுத்து எழுதினார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'தொழிலாளர் எவரும் எரிச்சல் இருப்பதாகத் தெரிவிக்கவில்லை.'

ஜீப்பில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "சார், அவங்க பொய் சொல்றாங்க."

"பொய்." அவர் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். பிறகு, "இருக்கலாம். பாட்டிலும் ரெண்டு தடவை பொய் சொல்லுச்சு. இன்னைக்குப் புத்தகமும் பொய்ங்கிறார் அவர். எதை வச்சு நான் எண் எழுத?"

"நீங்க ஏன் சார் ஒவ்வொரு தடவையும் அவர் அறைக்குப் போறீங்க?"

காசிம் பாய் கியரை மாற்றினார். சார் திரும்பவில்லை.

"உங்களுக்குச் சந்தேகம் இருந்தா இருக்கட்டும், மிஸ் சரோஜா. அதோட வேலை பாருங்க."

பதில் இல்லை அது. ஆனால் தடையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லி பஸ் ஏறிச் சின்னாளப்பட்டி போனேன். மாரியப்பன் வீடு அங்கம்மாள் இருந்த தெருவிலேயே இருந்தது. இரு பக்கமும் தறிச் சத்தம். அவர் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பகலில் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"ராத்திரியும் இப்படித்தான் டீச்சர். படுத்தா நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

"அன்னைக்கு ஏன் கையைத் தூக்கல?"

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் பேசினார். "தூக்குனா தொட்டிக்கு ஆகாதவன்னு பேரு. தொட்டிக்கு ஆகாதவன எந்தக் கொட்டகையில வச்சுக்கிட்டாக? காயப்போடுற எடத்துக்கு மாத்துறேன்னு உங்க முன்னால சொல்றாரு. நீங்க ஜீப்புல ஏறிப் போயிருவீக. நாளான்னைக்கு நான் அங்க போய் நின்னா, 'ஒனக்கு இங்க வேலை இல்லப்பா'ம்பாரு. நீங்க எழுதிக் குடுங்க, அப்பறம் தூக்குறேன்."

"எழுதணும்னா நீங்க தூக்கணும்."

"அப்ப ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருப்போம்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "பீடியாம்ல பீடி. என் வாயில பீடியப் பாத்தவன் எவனாச்சும் இருந்தா கூட்டியாங்க, அவனுக்கு ஒரு கட்டு வாங்கித் தாரேன்."

என் குரல் கேட்டு அங்கம்மாள் வந்து நிலைப்படியில் நின்றாள். "நீங்க இவுகளக் கேட்டு என்ன டீச்சர் ஆகும்? இவுக எல்லாம் தொட்டி பாத்து நின்னவுக."

"தொட்டி பாக்கிறதுன்னா?"

"புதுசா யார் வந்தாலும் மொத வாரம் திராவகத் தொட்டிப் பக்கந்தான். தாங்குனா நெலைப்பாக. தாங்கலைன்னா அவுகளே போயிருவாக. போறப்ப நாங்க சிரிப்போம். அந்தா குஜிலியம்பாறைப் பக்கத்துச் சின்னத்தாயி, ரெண்டாம் நாளே சேலைத் தலைப்ப வாயில அடைச்சுக்கிட்டு ஓடுனா பாருங்க, தெருவே சிரிச்சுச்சு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். காசிம் பாய் ஓடிவந்த நாளில் அரைகுறையாகத் தட்டிய யோசனை இப்போதுதான் முழுசாக நின்றது. கொட்டகைக்குள் கைதூக்க யாரும் இல்லாததற்குப் பயம் பாதிக் காரணம். மீதிக் காரணம், எரிகிறவர்கள் எல்லோரும் முதல் வாரமே சல்லடையில் விழுந்து போய்விட்டார்கள். சல்லடையில் நின்றதை மட்டும் வைத்து, இந்தக் காற்று மனிதர்களுக்கு ஆகும் என்று எழுதப் போனோம். வெளிநாட்டுப் புத்தகத்தின் எண்ணும் அப்படி எந்தக் கொட்டகையில் மிஞ்சியவர்களைக் கேட்டு வந்ததோ. அதன்மேலும் அன்று எனக்கு நம்பிக்கை போனது.

திங்கட்கிழமை சாரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் முகத்திலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை.

"போனவங்க சொல்றதை எண்ணா எப்படி மாத்துவீங்க? 'எரிஞ்சது'ங்கிறது எண் இல்ல."

"அவங்களைத் திரும்பக் கூட்டி வருவோம் சார். உள்ளே வேண்டாம். சாலையிலேர்ந்து கொட்டகையைப் பார்த்து நடக்கட்டும். எந்த இடத்துல கண்ணோ மூக்கோ முதல்ல உறுத்துதோ, அங்க நிக்கட்டும். அந்த இடத்துல பாட்டிலை வைப்போம். அங்க வர்ற எண்ணுக்குக் கீழேதான் வரம்பு."

"கொட்டகைக்கு வெளிய காத்துல கலந்து கொஞ்சம்தான் இருக்கும்."

"அதனாலதான் சார் அங்க."

அவர் நோட்டில் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு மாடிப்படியின் பக்கம் திரும்பி, "பாய், வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

குஜிலியம்பாறை தாண்டி ஒரு மானாவாரிக் காட்டில் சின்னத்தாயி கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் நிமிர்ந்தார்கள். அவள் நிமிரவில்லை. கொட்டகையின் பேரைச் சொன்னதும்தான் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அங்க யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. நீங்க ஏன் வந்துட்டீங்கன்னு கேக்க வந்தோம்" என்றேன்.

"அதுக்கு ஜீப்புப் போட்டா வருவாங்க?" அவள் சாரை மேலும் கீழும் பார்த்தாள். "மொதலாளி அனுப்பிச்சாரா?"

"இல்ல."

"இல்லன்னுதான் சொல்லுவீங்க."

சார் வரப்பில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் மண் படும் என்று பார்க்கவில்லை. அவருடைய தணிந்த குரலில், ஒவ்வொன்றாக, எதை எதற்காகச் செய்யப்போகிறோம் என்று சொன்னார். மாரியப்பனைப் பற்றியும் சொன்னார். அதை மட்டும் கேட்டு அவள் முகம் மாறியது.

"அந்தண்ணன் ஒருத்தருதான் நான் ஓடறப்பச் சிரிக்காதவரு. 'போ தாயி, இங்க நிக்காத'ன்னாரு." கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினாள். "திரும்ப உள்ள தள்ளிர மாட்டீங்கல்ல?"

"வாசல் வரைகூட வர வேண்டாம். உங்களுக்கு எங்க உறுத்துதோ அங்க நின்னா போதும்."

"அப்படின்னா நான் ரோட்டுலயே நின்னுருவேன், பாத்துக்குங்க. எம்பட மூக்கு அப்படி."

"நின்னுருங்க" என்றார் சார். "அதுதான் வேணும்."

அவள் வழியாக இன்னும் சிலர் பெயர் கிடைத்தது. ஒருத்தி பாலசமுத்திரம் பக்கம் கட்டிக்கொண்டு போயிருந்தாள், ஒருவன் பழனிச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். காசிம் பாய் ஒவ்வொருவரிடமும் தான் ஓடிய கதையை நடித்துக் காட்டிக் கூப்பிட்டார். ஓடினவரை ஓடினவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை காலையில் எல்லோரும் வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மாலை அறையில் பாட்டில்களைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சார் எடுத்தார். எதிர்முனையில் யாரோ நீளமாகப் பேசினார்கள். சார் "சரி" என்றார். செத்த நேரம் கழித்து "பார்க்கலாம்" என்றார். வைத்துவிட்டார். யார் என்று சொல்லவில்லை. அவர் பென்சிலைக் காதுக்கு மேலே செருகிக்கொண்டு, ஜன்னல் வழியாக ரயிலடியைப் பார்த்தபடி நின்றார்.

"நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுவோம், மிஸ் சரோஜா."

"ஏன் சார்?"

"காலையில அவங்க கொட்டகையை மூடிடலாம். இல்ல, நாம வர்ற நேரம் பார்த்துத் தொட்டியில திராவகம் ஊத்தாம விடலாம். அவங்க நெனைக்கிறதுக்கு முன்னால போகணும்."

அதைச் சொன்னது நல்ல மனதோடா, அல்லது முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டு எனக்குக் காட்டும் பாவனையா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியை வழக்கம்போல அறையில் வைத்துப் பூட்டாமல், என் வீட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். சாவியை மேசையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "கொண்டு போங்க" என்றார்.

காசிம் பாய் பெட்டியை என் வீட்டு வாசல் வரை கொண்டுவந்தார். என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் செய்ய வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலில் மாரியப்பன் தொட்டியில் நிற்கிறாரா, தொட்டியில் திராவகம் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு சாலை ஓரத்துக்கு வந்து சின்னத்தாயியை நடக்கவிட வேண்டும். அவளுக்கு முன்னால் நான் நடக்கக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. அவள் கால் எங்கே நிற்கிறதோ, அங்கே மண்ணில் பாட்டிலை ஊன்றி, குழாயை அவள் மூக்கின் உயரத்துக்குப் பிடித்து, ஜாடியைத் திறந்துவிட வேண்டும். யார் இந்த எண்ணைச் சொன்னது என்று அந்தப் புதுப் பெண் கேட்டதற்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது.